வீடும் மண்வெட்டியும் கொடுத்துக் காட்டை வாங்கிய கதை

ஹெவ்லொக் டவுன், ஹெவ்லொக் வீதி, ஹெவ்லொக் பார்க் என்று கொழும்பில் எங்கள் பகுதியில் எல்லோர் வாயிலும் புழங்குகிற பெயர் ஓர் ஆளுநருடையது. சேர் ஆர்தர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கையை ஆண்டார். நெல்வரி ஒழிந்தது அவர் காலத்தில். அதனால் அவருக்கு நல்ல பெயர்தான். இங்கிருந்து மதராஸ் மாகாணத்துக்குப் போனார். 1901இல் தஸ்மேனியாவுக்கு ஆளுநராகி, 1904வரை அங்கே இருந்தார். அதே 1904இல் தஸ்மேனிய நூதனசாலையில் ஒரு பழங்குடிப் பெண்ணின் எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைத்தார்கள். த்ருகனினி என்ற அந்தப் பெண் 1876இல் இறந்தவர். தன் உடலை யாரும் வெட்டிப் பார்க்கக் கூடாது என்று சாகுமுன் கெஞ்சியவர். 1947வரை அந்த எலும்புகள் கண்ணாடிக்குள் நின்றன. 1976இல்தான் அவற்றைத் தகனம் செய்து சாம்பலைக் கடலில் தூவினார்கள்.

இதை ஹெவ்லொக்கின் தலையில் கட்டுவதற்காகச் சொல்லவில்லை. கொழும்பு, சென்னை, ஹோபார்ட் என்று ஒரே உத்தியோகத்தர் மாறி மாறிப் போன ஆட்சி அது. ஆட்கள் போன வழியே யோசனைகளும் போயின. காட்டில் வாழ்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவுஸ்திரேலியாவில் கிடைத்த விடையும் இலங்கையில் கிடைத்த விடையும் ஒன்றுக்கொன்று உறவுதான். அவுஸ்திரேலியக் கதை உலகத்துக்குத் தெரியும். வெள்ளவத்தையில் பாதி வீடுகளுக்கு சிட்னியிலோ மெல்பேணிலோ ஒரு பிள்ளை இருப்பதால், அங்கே பள்ளிக்கூட விழாக்கள் அந்நிலத்தின் ஆதிக்குடிகளை வணங்கித் தொடங்குவதை வீடியோவில் பார்த்தும் இருக்கிறோம். மகியங்கனையிலும் வாகரையிலும் இலங்கையின் ஆதிக்குடிகளான வேடருக்கு நடந்ததைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு வருவதில்லை.

பழங்குடிகளைப் பெரும்பான்மைச் சமூகத்தில் கரைத்துவிட முயல்வதைத் தன்மயமாக்கல் என்கிறார்கள். அவர்களுக்கு வீடு, மருந்து, பள்ளிக்கூடம், உதவிப்பணம் கொடுப்பது நலன்புரி. முன்னது பாவம், பின்னது புண்ணியம் என்று பிரித்து எழுதுவது ஆய்வாளர் வழக்கம். வேடரின் கடந்த இருநூறு ஆண்டுகளைப் பார்த்தால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. தன்மயமாக்கல் இந்த நாட்டில் துப்பாக்கியோடு வரவில்லை. நலன்புரியின் மாட்டுவண்டியில் ஏறி, கூரைத் தகடும் விதைநெல்லும் மூட்டைகளாக அடுக்கியபடி வந்தது.

ஒரே ஆளுநர், இரண்டு காரியங்கள்

ஸ்டுவர்ட் மக்கென்சி 1837 முதல் 1841 வரை இலங்கை ஆளுநர். வேடரை "மீட்டெடுக்கும்" முதல் அரச முயற்சி அவர் காலத்தது. எமர்சன் டெனென்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் அதன் விவரம் இருக்கிறது. மட்டக்களப்புப் பகுதியில் வேடருக்கு வீடுகள் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். தென்னங்கன்று, விதை, மண்வெட்டி, கோடரி, துணி எல்லாம் கொடுத்தார்கள். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் போனார்கள். சில குடியிருப்புகள் விரைவிலேயே வெறிச்சோடின. கரையோரத்தில் தங்கிவிட்டவர்கள் மெல்ல அயல் கிராமத்தவரோடு சேர்ந்து போனார்கள்.

அதே மக்கென்சியின் ஆட்சியில்தான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடாத நிலம் எதுவானாலும், உரித்தை நிரூபிக்க முடியாவிட்டால் அது முடிக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். கோப்பித் தோட்டத்துக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. சட்டத்தால் கண்டிச் சிங்கள விவசாயி பட்ட பாட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வேடரின் நிலைமை அதைவிட மோசம். ஓலைச்சுவடியோ உறுதியோ இல்லாதவர்கள் அவர்கள். எந்தக் குன்றிலிருந்து எந்த ஆறு வரை எந்தக் குடிக்குத் தேன் எடுக்கும் உரிமை என்பது அவர்களுக்குள் துல்லியமாகத் தெரியும். 1911இல் கேம்பிரிஜில் வெளிவந்த நூலில் மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதி இதை எழுதியே வைத்தார்கள். ஆனால் அந்த எல்லைகளைக் கச்சேரியில் காட்ட ஒரு கடதாசி கிடையாது.

ஒரு கையால் வீட்டைக் கொடுத்து மறு கையால் காட்டை எடுத்த ஆண்டுகள் இவை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே அச்சு. கொடுத்ததன் பட்டியல் கொஞ்சம் நீண்டது. தென்னங்கன்றுக்குப் பதில் அரச உதவிப்பணத்துக்கான சமுர்த்தி அட்டை வந்தது. எடுத்தது ஒவ்வொரு முறையும் காடுதான்.

தும்முல்லைச் சந்தியிலிருந்து பார்த்த வேடர்

ஹெவ்லொக் வீதியில் வடக்கே போனால் தும்முல்லையில் பௌத்தாலோக மாவத்தை குறுக்கிடும். பழைய பெயர் புல்லர்ஸ் வீதி. அங்கே 'விச்சலி' என்ற வீட்டில் டொக்டர் ஆர். எல். ஸ்பிட்டல் வாழ்ந்தார். 1881இல் தங்காலையில் பிறந்த பறங்கியர். கொழும்பின் பேர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். விடுமுறை கிடைத்தால் மகியங்கனைப் பக்கத்துப் பிந்தெனைக் காடுகளுக்குப் போய்விடுவார். 1924இல் வந்த 'வைல்ட் சிலோன்' முதல் பல நூல்களில் வேடரை எழுதினார். கொழும்பில் ஆங்கிலம் படித்த மூன்று தலைமுறைக்கு வேடர் என்றால் ஸ்பிட்டலின் வேடர்தான்.

அவர் எழுதியதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் செய்த வைத்தியம். பறங்கிப்புண் என்ற தோல்நோய் அந்தக் காலத்தில் உள்நாட்டுக் கிராமங்களை அரித்துக்கொண்டிருந்தது. ஸ்பிட்டல் அந்த நோயைப் பற்றி 1923இல் ஒரு மருத்துவ நூலே எழுதியவர். காட்டுக்குப் போகும்போது ஊசிமருந்தையும் கொண்டு போவார். ஊசி போட்டுக்கொள்வதற்காக யாரும் குடியிருப்பு மாறவோ பெயர் மாற்றவோ சாமியை விடவோ வேண்டியிருக்கவில்லை. நோய் மாறியது, ஆள் காட்டிலேயே இருந்தான். நிபந்தனையில்லாத சேவை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இந்த நாட்டில் காட்ட எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

ஆனால் ஸ்பிட்டலின் எழுத்துக்கு ஒரு கெட்ட விளைவும் உண்டு. வேடர் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்ற சோகராகம் அவருடைய பக்கங்களிலெல்லாம் ஒலிக்கும். மறையப்போகிறவனுக்குக் காணி எதற்கு என்று கேட்பது அதிகாரிக்குச் சுலபமாகிவிடுகிறது. குடித்தொகைக் கணக்கும் அதற்கு ஒத்து ஊதியது. 1911 கணக்கெடுப்பில் வேடர் 5,300 பேர் அளவில். 1946இல் 2,400 பேர் அளவில். 1963இல் ஏறத்தாழ 400. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அடுத்த கணக்கெடுப்புக்கு ஒருவரும் மிஞ்சக்கூடாது.

அந்த 400க்குப் பிறகு சில ஆண்டுகளில் ஜேம்ஸ் ப்ரௌ என்ற மானிடவியலாளர் அநுராதபுர மாவட்டத்தில் ஆய்வு செய்தார். தங்களை வேடர் என்று சொல்லிக்கொள்ளும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை, நாற்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் அவர் கண்டார். ஒரு மாவட்டத்தில் மட்டும் இத்தனை பேர். அவர்கள் சிங்களம் பேசினார்கள், வயல் செய்தார்கள், விகாரைக்குப் போனார்கள், சிங்களப் பெயர் வைத்திருந்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் பெயரையும் சாரத்தையும் பார்த்துச் சிங்களவர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் செத்துப் போனதாகக் காட்டியது அவர் கையிலிருந்த பேனை.

2012 கணக்கெடுப்பில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர் என்பவற்றோடு இலங்கைச் செட்டி, பரதர் என்ற இனங்களுக்கும் தனி நிரல் இருந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் இந்த இரு சமூகங்களும் சில ஆயிரம் பேர்தான். கேட்டுப் பெற்றார்கள், நல்லது. வேடர் 'ஏனையோர்' என்ற கூடைக்குள் போனார்கள். கொழும்பில் சட்டத்தரணியும் சங்கமும் உள்ள சிறு சமூகத்துக்கு நிரல் கிடைத்தது. வேடர் கிராமமான தம்பானையில் உள்ளதற்குக் கிடைக்கவில்லை.

நீர்த்தேக்கம், பூங்கா, இரண்டரை ஏக்கர்

சுதந்திரத்துக்குப் பிந்திய அரசுக்குப் பழங்குடி பற்றித் தனிக் கொள்கை இருந்ததென்று சொல்வது மிகை. பின்தங்கிய சமூகங்களின் நலன் பேண என்று 1950களில் ஒரு சபை இயங்கியது. வேடரும் வேறு சில ஒதுக்கப்பட்ட சாதியினரும் அதன் பொறுப்பு. வீடு, உபகரணம், பள்ளிக்கூடம் என்று அதே பழைய பட்டியல். பின்தங்கியவர் என்று ஒருவரை அழைத்துவிட்டால் அவரை முன்னே தள்ளிக்கொண்டு போவது கடமையாகிவிடுகிறது. எந்தத் திசையில் என்று அவரிடம் கேட்க வேண்டிய தேவை இல்லை.

உண்மையில் வேடர் வாழ்வைத் தீர்மானித்தது அந்தச் சிறிய சபை அன்று. நீர்ப்பாசனத் திட்டங்கள்தான் தீர்மானித்தன. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது, சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியது. 1954இல் அதைச் சுற்றிக் கல்லோயா தேசிய பூங்கா வந்தது. வேடர் வேட்டையாடித் தேனெடுத்த நிலத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குள் போனது, ஒரு பங்கு பூங்காவுக்குள் போனது. தமிழர்களாகிய நாங்கள் கல்லோயாவைக் குடியேற்றத்தின் தொடக்கமாகவும் 1956 கலவரத்தின் களமாகவும் நினைவு வைத்திருக்கிறோம். அது சரியான நினைவுதான். அங்கே சிங்களவரும் தமிழரும் யாருடைய காணி என்று அடிபட்ட நிலத்தில் மூன்றாவது ஓர் உரித்தாளி இருந்தார் என்பது அந்த நினைவில் இல்லை.

1977க்குப் பிறகு மகாவலித் திட்டத்தைத் துரிதப்படுத்தினார்கள். முப்பது வருஷத்தில் செய்வதாக இருந்ததை ஆறு வருஷத்தில் முடிக்க அவசரம். மாதுறு ஓயா அணைக்கு நிதி கொடுத்தது கனடா. தன் நாட்டில் பழங்குடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து வைத்திருந்த கொள்கைக்காகக் கனடா 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பள்ளிகளில் கடைசியானவை மாதுறு ஓயா கட்டும்போதும் நடந்துகொண்டுதான் இருந்தன. காடழிந்ததால் யானைக்கு இடம் வேண்டும், நீரேந்து பகுதியைக் காக்க வேண்டும் என்று 1983 நவம்பரில் 58,850 ஹெக்டயர் மாதுறு ஓயா தேசிய பூங்காவாக வர்த்தமானியில் வந்தது. அதற்குள் வேடர் இருந்தார்கள். இருக்கக் கூடாது என்றானது.

மகாவலி வாய்க்காலோரம் ஹெனானிகலவில் அவர்களுக்குக் காணி கொடுத்தார்கள். மற்றக் குடியேறிகளுக்குக் கொடுத்த அதே அளவு: வயல் இரண்டரை ஏக்கர், வீட்டுக்கு அரை ஏக்கர். கணக்குப்படி பாரபட்சம் கிடையாது. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தார்கள் என்று ஒரு பொறியியலாளர் பெருமைப்படலாம். இதைச் சிறிது கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

சேனைக்காரனுக்குக் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, குரக்கனும் சோளமும் பூசணியும் போட்டு, இரண்டு மூன்று வருஷத்தில் விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போகத் தெரியும். மழை பிழைத்தால் தேன் இருக்கும், உடும்பு இருக்கும், காட்டுக்கிழங்கு இருக்கும். வயற்காரன் கதை வேறு. தண்ணீர் திறக்கும் திகதியை அதிகாரி சொல்வார். விதைநெல், உரம், கிருமிநாசினி எல்லாம் கடனுக்கு வரும். அறுவடையன்றே முதலாளி களத்துக்கு வந்து விலை சொல்வார். பிழைத்தால் அடுத்த போகம் வரை கையில் ஒன்றும் இல்லை. அதோடு, அந்த இரண்டரை ஏக்கரைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, ஒருவருக்குத்தான் எழுதலாம். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூவர் இரண்டாம் தலைமுறையிலேயே காணியில்லாக் கூலியாட்கள். காட்டில் இருந்திருந்தால் நால்வருக்கும் இடம் இருந்திருக்கும். இந்தச் சிக்கல் மகாவலிக் குடியேறிகள் எல்லோருக்கும் உரியதுதான். ஆனால் கேகாலையிலிருந்து வந்தவர் காணி கேட்டு விண்ணப்பித்து வந்தார். வேடர் காணியிலிருந்து காணிக்கு மாற்றப்பட்டார்.

நோயும் மாறியது. மகாவலி வலயத்தில் கிராந்துருகோட்டைப் பகுதி, காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயின் மையங்களில் ஒன்று. தண்ணீரா, உரமா, வெக்கையா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. கிளினிக் வசதி இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. அந்தக் கிளினிக் தேவைப்படுகிற வாழ்க்கையும் அதே திட்டத்தோடு வந்ததுதான்.

தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்தார். சில குடும்பங்களோடு தம்பானைப் பகுதியிலேயே இருந்துவிட்டார். பூங்கா எல்லை அவர் வாசலில் வந்து நின்றது. எல்லைக்கு அப்பால் போய்த் தேனெடுத்தால் அத்துமீறல், மான் அடித்தால் வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம். தாத்தா செய்த தொழில் பேரனுக்கு வழக்காயிற்று. திசாஹாமி 1998இல் காலமானார். மகன் வன்னில அத்தோ தந்தை இருக்கும்போதே, 1996இல், ஜெனீவாவில் ஐ.நா.வின் பழங்குடிகள் பணிக்குழுவுக்குப் போய் இதைச் சொன்னார். 2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடம் இருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளைத் திருப்பிக் கொடுத்தபோது பெற்றுக்கொண்டவரும் அவரே. மண்டையோட்டைத் திருப்பிக் கொடுப்பது காட்டைத் திருப்பிக் கொடுப்பதைவிடச் சுலபம் போலும். அடுத்த ஆண்டு, 2020இல், பொல்லேபெத்தப் பகுதியில் சோளச் செய்கைக்குக் காடு வெட்டப்படுவதை எதிர்த்து, சுற்றாடல் நீதிக்கான மையத்தோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். வேடர் கால் வைக்கக் கூடாத காட்டில் புல்டோசர் போகலாமா என்பதுதான் அடிக்கேள்வி.

அவுஸ்திரேலியா எங்கே வேறுபடுகிறது

1937இல் கன்பராவில் கூடிய அதிகாரிகள், கலப்பு இரத்தமுள்ள பழங்குடியினர் வெள்ளைச் சமூகத்தில் உறிஞ்சப்படுவதே அவர்களின் விதி என்று தீர்மானித்தார்கள். 1940இல் நியூ சவுத் வேல்ஸ் தன் பழங்குடிப் 'பாதுகாப்பு'ச் சபைக்கு 'நலன்புரி'ச் சபை என்று பெயர் மாற்றியது. மாறியது பெயர்ப்பலகைதான். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் போடுவது தொடர்ந்தது. பழங்குடிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர் தன் உறவினரோடு புழங்கக் கூடாது. அந்த மக்கள் அதை 'நாய் லைசன்ஸ்' என்றார்கள். 1951இல் அமைச்சர் போல் ஹஸ்லக் தன்மயமாக்கலை நாடு முழுவதற்குமான கொள்கையாக்கினார். 1967 பொதுவாக்கெடுப்பு, 1997இல் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய அறிக்கை, 2008 பெப்ரவரியில் பிரதமர் கெவின் ரட்டின் மன்னிப்பு என்று கதை நீளும். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பழங்குடியினருக்கு ஒரு குரல் வேண்டுமா என்று 2023 ஒக்டோபரில் கேட்டபோது பெரும்பான்மை வேண்டாம் என்றது. மன்னிப்புக் கேட்பதோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதற்கு அதுவும் சாட்சி.

இலங்கையில் பிள்ளை பிடித்ததில்லை. சட்டத்தில் 'வேடர்' என்று ஒரு வகுப்பே இல்லாததால் விலக்குச் சான்றிதழும் தேவைப்படவில்லை. இலவசக் கல்வி 1945இலிருந்து எல்லோருக்கும். தாய்மொழியிலேயே படிக்கலாம், ஆனால் அரசுக்குத் தெரிந்த தாய்மொழிகள் இரண்டு. தம்பானைப் பிள்ளை சிங்களத்தில் படித்தது, வாகரைப் பிள்ளை தமிழில் படித்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. இங்கே நடந்தது மென்மையானது என்று இதை வைத்து ஆறுதல் அடைபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. பிள்ளையைப் பறித்த அரசின் கோப்பில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கும். விசாரணைக்குழு பிறகு அதைப் புரட்டலாம். இங்கே பிள்ளையின் கோப்பில் வேடர் என்று எழுதாததால் என்ன நடந்தது என்று விசாரிக்கவே ஆதாரம் இல்லை.

இந்தியா மூன்றாவது வழியில் போனது. 1940களில் ஜி. எஸ். குர்யே பழங்குடிகளைப் பின்தங்கிய இந்துக்கள் என்றார். வெரியர் எல்வின் அவர்களைத் தனியே விடச் சொன்னார். அந்தச் சண்டை சட்டத்தில் ஒரு சமரசமாய் முடிந்தது: அட்டவணைப் பழங்குடி என்ற வகுப்பு, இட ஒதுக்கீடு, பிறகு 2006இல் வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் இன்று 37 சமூகங்கள் அந்த அட்டவணையில் உண்டு. இருளருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே பெரும்பாடு, பட்டா இழுத்தடிப்பு என்று குறைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓர் இருளர் சட்டப்பிரிவைச் சொல்லிச் சண்டை பிடிக்க முடியும். மகியங்கனைப் பிரதேச செயலகத்தில் ஒரு வேடர் எந்தப் பிரிவைச் சொல்வார்? பழங்குடி உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அவுஸ்திரேலியாவும் கனடாவும் எதிர்த்தன. சர்வதேசத் தொழிலமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்கவில்லை. நியூயோர்க்கில் கை உயர்த்துவதற்குச் செலவில்லை.

எங்கள் பங்கு

இதுவரை சொன்னதைப் படித்துச் சிங்களப் பேரினவாதத்தின் இன்னோர் அத்தியாயம் என்று தமிழ் வாசகர் தலையாட்டிவிட்டுப் போகலாம். கிழக்குக் கரையோர வேடரைப் பற்றிப் பேசினால் அந்த வசதி போய்விடும்.

வாகரை, கதிரவெளி, பனிச்சங்கேணி, மாங்கேணி, கட்டுமுறிவு என்று மட்டக்களப்பின் வட எல்லையிலும், வெருகல், மூதூர் கிழக்கிலும் வாழ்பவர்கள் இவர்கள். செலிக்மன் தம்பதியின் நூலில் இவர்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. பேசுவது தமிழ். களப்பிலும் கடலிலும் மீன், காட்டில் தேன், விறகு, சேனை. திருகோணமலை வீதியில் போனால் பருவத்துக்குப் பருவம் பழைய போத்தலில் தேனும் பெட்டியில் பாலைப்பழமும் வைத்து விற்கும் பெண்களைக் காணலாம். அது வேடர் தேன் என்று வாங்குபவருக்குத் தெரியும். அந்த அடைமொழிக்காகவே கூடக் காசு கொடுப்பார். அதே பெண் கிராம உத்தியோகத்தரிடம் போனால் இலங்கைத் தமிழர். பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இலங்கைத் தமிழர். சடங்கு வந்தால் மட்டும் வேடர்: குமார தெய்வத்துக்குப் பந்தல் போடும்போது வில்லும் அம்பும் வரும், தெய்வம் ஏறியவர் வாயில் இன்று எவருக்கும் முழுதாக விளங்காத சொற்கள் வரும்.

கதிர்காமத்து வள்ளி வேடர் மகள் என்று நாங்கள் பாடுகிறோம். மகாவம்சக்காரர் குவேனியின் பிள்ளைகள் காட்டுக்குப் போய்ப் புலிந்தரானார்கள் என்று எழுதினார். தீவின் இரண்டு பெரிய இனங்களும் தங்கள் மூலக்கதையில் பெண்ணை இவர்களிடமிருந்துதான் எடுத்திருக்கின்றன. சம்பந்தம் பேசியதோடு சரி. காணிப் பேச்சில் சம்பந்தியைக் கூப்பிடவில்லை. கிழக்கின் தமிழ்ச் சமூகத்துக்குள் வேடர் என்றால் சாதிப் படியில் கீழே நிற்பவர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால் கேலி பேசுவதற்குப் பயந்து பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட பெற்றோர் உண்டு. அரச கொள்கை எதுவும் இல்லாமலே தன்மயமாக்கல் நடக்கும் விதம் இது.

கரையோர வேடர் யுத்தத்தால் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். 2004இல் கடல் வந்தது. 2006 நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்தது. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்திடம் போனது. அகதிமுகாம் பதிவிலும் நிவாரணப் பட்டியலிலும் அவர்கள் தமிழ்க் குடும்பங்கள்தான். யுத்த காலத்தில் வேறு எதுவாகச் சொல்லவும் முடியாது, சொல்வது பாதுகாப்பும் இல்லை. தமிழ்த் தேசிய அரசியலுக்கு அவர்கள் எண்ணிக்கை தேவைப்பட்டது; அவர்களின் வேறுபாடு தேவைப்படவில்லை. தமிழரின் தாயகம் பற்றிப் பேசும் ஆவணங்களில் ஆதிக்குடி என்ற வாதம் வலுவாக இருக்கும். அந்த வாதத்தை நம்மைவிட உரிமையோடு வைக்கக் கூடியவர் வாகரையில் விறகு கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைச் சொன்னால் வாதம் கொஞ்சம் சங்கடப்படும், அவ்வளவுதான்.

இன்றைய உதவிப்பணம்

2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போட்டுத் தெரிவு செய்கிறார்கள். கல்வீடும் மின்கட்டணப் பட்டியலும் உள்ளவர் புள்ளியில் மேலே போய்விடுவார். அந்தக் கல்வீடு ஏதோ ஒரு திட்டத்தில் அரசு கட்டிக் கொடுத்ததாக இருக்கலாம். காட்டுக்குள் போகும் உரிமையை இழந்தது எந்த அளவுகோலிலும் வராது. இழப்பு என்பது வறுமை அன்று. வறுமைக்குத்தான் படிவம் இருக்கிறது.

தம்பானையில் இன்று பாரம்பரிய நிலையம் இருக்கிறது, வான்களில் பாடசாலைப் பிள்ளைகள் வருகிறார்கள், தோளில் கோடரி வைத்த பெரியவரோடு படம் எடுக்கிறார்கள். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகளும் வருகிறார்கள். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்காது. காட்டில் தேன் எடுத்தால் குற்றம், முற்றத்தில் தேன் எடுப்பதை நடித்துக் காட்டினால் காசு என்று ஏற்பாடு செய்தது அவர்கள் இல்லை. அந்தக் காசில் பிள்ளைகள் படிக்கிறார்கள். கைபேசி வைத்திருக்கும் இளைஞன் வேடனில்லை என்று சொல்வதற்கு, வேட்டி கட்டாத நாம் யார்?

ஆகவே பள்ளிக்கூடம் வேண்டுமா, காடு வேண்டுமா என்று கேட்பதே பிழை. இரண்டையும் ஒன்றுக்கொன்று விலையாக்கியது 1840இன் தந்திரம். மாதுறு ஓயாவின் வெளி வலயத்தில் தேன், கிழங்கு, மருந்துமூலிகை எடுக்க வேடர் குடிகளுக்கு உரிமை கொடுத்து, பூங்கா நிர்வாகத்தில் அவர்களையும் சேர்க்கலாம். அவுஸ்திரேலியா ககாடுவிலும் உளுருவிலும் நிலத்தை உரியவர்களிடம் கொடுத்துவிட்டுப் பூங்காவைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாக நடத்துகிறது. யானை அங்கே இல்லைதான். மற்றபடி ஏற்பாடு பெயர்க்கக் கூடியது. காட்டை அறிந்தவரைக் காவலராகச் சம்பளத்துக்கு எடுப்பது திணைக்களத்துக்கும் இலாபம். ஹெனானிகலவில் காணியில்லாத மூன்றாம் தலைமுறைக்கு வழி சொல்லாமல் எந்தத் திட்டமும் முழுமையாகாது.

அடுத்தது பதிவு. செட்டிக்கும் பரதருக்கும் கொடுத்த நிரலை வேடருக்கும் கொடுக்கலாம். விரும்பியவர் தங்களை அதில் எழுதட்டும். எழுதினால் சமூகத்தில் கேலி வருமென்று பயந்து எழுதாமல் விடுபவரும் இருப்பார்கள், குறிப்பாகக் கிழக்கில். அங்கேதான் சிக்கல் அதிகம். கொழும்பில் ஆதிவாசிகளைப் பற்றிக் கூட்டம் வைத்தால் அழைப்பு தம்பானைக்குப் போகும்; பேச்சு சிங்களத்தில் நடக்கும்; தயாராகும் வரைவில் காடு என்றால் மாதுறு ஓயா. வாகரையின் களப்பும் கரைவலைப் பாடும் வெருகல் ஆற்றுக் காடும் அதில் இருக்காது. வாகரையாரை அழைத்தாலும் அவர் தமிழர் பிரதிநிதியாகவா வேடர் பிரதிநிதியாகவா வருகிறார் என்று இரு பக்கமும் கேட்கும். சிங்கள அதிகாரிக்கு அவர் போதிய அளவு வேடர் இல்லை. தமிழ் அரசியல்வாதிக்கு அவர் வேடர் என்று சொல்வதே பிரிவினை. வட கிழக்குக் காணி பற்றித் தமிழ்க் கட்சிகள் இனி எழுதும் முன்மொழிவில் கரையோர வேடரின் சேனைக்கும் களப்புக்கும் ஒரு பந்தி சேர்ப்பதற்கு மகாவலி அதிகார சபையின் அனுமதி வேண்டியதில்லை.